பிப்ரவரியில தரை தெரியுமாம்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

தூக்கம் வரலை. அந்தமான் போக மாசம் முடிவு பண்ண உட்கார்ந்தோம், சண்டையில முடிஞ்சுது.

அரையாண்டு லீவுல, டிசம்பர்ல போலாம்னார் இவர். முடிச்சூர்ல இருந்துகிட்டு டிசம்பர்ல வீட்டைப் பூட்டிட்டுப் போக முடியுமா? ஐப்பசி பிறந்ததுமே வெள்ளத்துக்குப் பயந்து வாஷிங் மெஷினைச் செங்கல் மேல ஏத்தி வைக்கிற வீடு இது. "சரி, மே?" மே பாதியிலேயே அங்க மழை, கடல் கலங்கிடும்னேன். அப்போ பிப்ரவரின்னார். அலையே பெருசா இருக்காதாம், முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு மீன் பாக்குற ஸ்நார்கெலிங்குக்கு அதுதான் சீசனாம். பொண்ணுக்குப் பரீட்சை வருதேன்னேன்.

"அஞ்சாங்கிளாஸ் பரீட்சைதானம்மா"ன்னா அவ. அப்புறம் என்னையே பார்த்தா. "உனக்கு எந்த மாசமும் வேணாம், இல்ல?"

பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

2015 சென்னை வெள்ளத்தப்ப அவ என் வயித்துல இருந்தா. இடுப்பு வரைக்கும் செம்மண் கலர்ல தண்ணி. கீழ ரோடு எங்க, கால்வாய் எங்கன்னு தெரியாம, ஒவ்வொரு அடியா காலால தடவித் தடவி நடந்தேன். இதை அவகிட்ட சொன்னதே இல்லை.

பிப்ரவரியில தண்ணிக்குள்ள தரை தெரியுமாம். இவர் ரெண்டு தடவை சொன்னார்.

காலையில இன்னொரு தடவை கேக்கணும். நிஜமாவே தெரியுமா, கால் வைக்கிற இடம்?