கோட்டுக்குப் பிறகு விட்ட இடம்

மார்ச் 4, 2024
நன்கொடைப் பிரசாரத்துக்காக சுபாங் ஜெயாவிலிருந்து விளம்பரக்காரர்களைக் கூட்டி வந்திருக்கிறார் லோகேஸ்வரி. எங்கள் சிறுநீரக அறக்கட்டளையின் இயக்குநர். எனக்கு வரவேண்டிய நாற்காலி அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்த அலுவலகம் திறந்த நாள் முதல் போஸ்டர் வடிவமைப்பவன் நான். இன்று எனக்குக் கொடுத்த வேலை, ப்ரொஜெக்டருக்கு வயர் தேடுவது.

மார்ச் 7
அவர்கள் யோசனை: கறுப்பு வெள்ளையில் நோயாளியின் முகம். கீழே பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் வெற்றிடம். ‘சீதாலெட்சுமி, 1966 –’. அந்த இடம் காலியாகவே இருக்க உதவுங்கள் என்று கருத்தாம். எல்லோரும் கை தட்டினார்கள்.
நம் ஆட்கள் இதைக் கண்ணீர் அஞ்சலி என்றுதான் பார்ப்பார்கள் என்றேன். லோகேஸ்வரி சிரித்தார். “அண்ணே, நீங்க எதப் பாத்தாலும் சாவு வீடாத்தான் பாக்குறீங்க லா.”
சரி.

மார்ச் 12
அச்சுக்கோப்பு தயாரிக்கும் வேலையை என் தலையிலேயே கட்டினார்கள். எங்கள் கிள்ளான் நோயாளி சீதாலெட்சுமி அக்காவை நான் எடுத்த படம். மஞ்சள் சேலை, பெரிய பொட்டு, சிரிப்பு. நிறத்தை எடுத்தேன். அக்காவிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஊர் பார்க்கட்டும், லோகேஸ்வரி மாட்டிக்கொள்ளட்டும். கோட்டுக்குப் பிறகு விட வேண்டிய இடத்தை அளந்து விட்டேன். என் வேலையில் ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது.

மார்ச் 25
கிள்ளான் முழுக்கப் பதாகை.

மார்ச் 28
நடந்தேவிட்டது. கோயில் ஆட்கள் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்ததே அக்காதான். காய்கறிப் பாசார் பக்கத்துப் பதாகைக்கு யாரோ மாலையே போட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னபோது லோகேஸ்வரியின் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம். பொய் எதற்கு?

ஏப்ரல் 3
அக்கா டயாலிசிஸுக்கு வரவில்லை. கூட்டிவரப் போன எங்கள் வேன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியதாம். போன முறையும் அப்படித்தானாம்.

ஏப்ரல் 5
கிள்ளான் போனேன். அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. மகன் பிரவின் கெஞ்சிக் களைத்துவிட்டான். அக்காவிடம் கலர் படத்தைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையணைப் பக்கம் வைத்தார்.
“நீங்கதான தம்பி அத செஞ்சீங்க? நல்லாத்தான் இருந்துச்சு. ஊசி குத்திக் குத்தி எனக்கும் அலுத்துப்போச்சு. ஊரே வந்து வழியனுப்பிட்டுப் போயிருச்சு. இனி எதுக்கு அந்த வேன்ல ஏறணும்?”
அன்னைக்கே அக்காகிட்ட காட்டியிருக்கணும்டா. அன்னைக்கே —

ஏப்ரல் 9
“அன்னைக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல அண்ணே” என்றார் லோகேஸ்வரி.

ஏப்ரல் 12
காலையில் பிரவின் அழைத்தான். முடிந்துவிட்டது. நாளைய பத்திரிகைக்கு அறிவிப்பு வேண்டுமாம். கலர் படத்தை வைத்துச் செய்கிறேன் என்றேன்.
“வேணாம் அங்கிள். அம்மா அந்தப் பதாகைப் படமே போதும்னு சொல்லிட்டாங்க. வருஷம் மட்டும் போட்டுக் குடுங்க.”
அச்சுக்கோப்பைத் திறந்து, கோட்டுக்குப் பிறகு 2024 என்று தட்டினேன். எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.