ஆடாத ஸ்டாண்ட்

பிரிக்ஃபீல்ட்ஸ்
11.6.1989

அன்புள்ள உமையாளுக்கு,

நான் இங்கே சுகம். அப்பாவின் இருமல் குறைந்ததா?

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம். தாலி கட்டும்போது அட்சதை போட எல்லாரும் முண்டியடித்ததில், என் வீடியோ கேமரா ஸ்டாண்டோடு சாய்ந்து ஒரு பெரியவரின் தொந்தியில் விழுந்தது. கேமராவும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். மலிவென்று மெல்லிய ஸ்டாண்ட் வாங்கியது என் புத்தி.

இந்தத் தடவை கடையிலேயே ஸ்டாண்டின் காலை விரித்து, தலையில் இரு கையாலும் அழுத்தினேன். கடைக்காரர் பதறிவிட்டார்.

"பாஸ், மெதுவா லா! கேமராதானே வைக்கப்போறீங்க, நீங்களே ஏறப்போறீங்களா?"

"கல்யாணக் கூட்டமே ஏறும், அண்ணே."

சிரித்துக்கொண்டே, யாரோ விற்றுவிட்டுப்போன பழைய இரும்பு ஸ்டாண்டைப் பாதி விலைக்குக் கொடுத்தார். நேற்று பந்திங் கல்யாணத்தில் அதே தள்ளுமுள்ளு. படம் ஆடவே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

கனம்தான் அதிகம். தோளில் மாட்ட நாலடி நீளத்தில் ஒரு பை தைத்து அனுப்பு. புதுத்துணி வேண்டாம், உன் பழைய சேலை போதும்.

பழனியப்பன் அண்ணன் ஊருக்குக் கிளம்பி நிற்கிறார். அவரிடம் ஒரு கேசட் கொடுத்திருக்கிறேன். உன் அண்ணன் வீட்டு டெக்கில் போட்டுப் பார். இங்கே வந்த மூன்று வருஷத்தில் முதல்முறையாக, ஸ்டாண்டை நம்பி நானே கேமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். பேச்சு வராமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். அந்த இடத்தை ஓட்டிவிடாதே.

உன்
சொக்கலிங்கம்