லாரிக்குக் கட்டுன மாலை

ஏ அமராவதி, எப்படிம்மா இருக்க? கீரப்பாளையத்துல மழ உண்டா? பாப்பாவுக்கு சளி வுட்டுச்சா? நானும் ஒங்கண்ணன் அரசுவும் நாக்பூர்ல நல்லா இருக்கோம். போன்ல சொன்னா பாதியிலயே பதறுவ, அதான் எழுதறேன்.

லாரி மேடு ஏறுறப்ப ஹீட் முள்ளு செவப்புக்குப் போயிடுச்சி. ஆறு சிலிண்டர் இன்ஜினு, சூட்டுல புடிச்சிக்கிச்சின்னா அவ்ளோதான். கூலண்ட் இருக்கு, பேன் பெல்ட்டும் நல்லாருக்கு. இங்க ஒரு மெக்கானிக்கு, டீயெல்லாம் வாங்கிக் குடுத்தான், இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி, "இன்ஜின் ஹெட்டையே கழட்டணும், நாளாவும்"ன்னுட்டான். கழட்டுனா பாப்பா காதுகுத்துக்கு வந்து சேர முடியாதேன்னு நாள எண்ணிக்கிட்டு நின்னேன்.

அரசுதான் முன்னாடி குனிஞ்சி பாத்துட்டுச் சிரிச்சான். "மச்சான், எந்தங்கச்சி பண்ண வேலையப் பாரு!"

மாட்டுப்பொங்கல் மாட்டுக்குக் கட்டுற மாதிரி லாரிக்குக் கட்டுனியே சாமந்தி மாலை, அது காஞ்சி உதுந்து ரேடியேட்டர்ல அப்பிக்கிட்டு காத்தையே அடச்சிருக்கு! ஊதி எடுத்ததும் முள்ளு எறங்கிடுச்சி. காதுகுத்துக்கு வந்துடுவேன்.

அடுத்த தடவ மாலைய கண்ணாடிக்கு மேல கட்டு. பூண்டு ஊறுகா போட்டு வை. மிச்ச மாலைய நான் தூக்கிப் போடல, கேபின் உள்ள மாட்டியிருக்கேன். அது ஆடுறப்பல்லாம் நீ பக்கத்துல ஒக்காந்து வர்ற மாதிரி... இரு, ஒங்கண்ணன் ஆரன் அடிச்சிக் கூப்புடுறான், நான்