கரும்புத் தேதியைத் திருத்தியவனுக்கு ஒரு சட்டம்

என் பாசமுள்ள அண்ணாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. நீ கேட்ட சட்டத்துக்கான மனு டில்லிக்குப் போய்விட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவன் நீதான். இனிமேல் நட்ட தேதிப்படிதான் கரும்பு வெட்ட ஆலை உத்தரவு தரும், சிபாரிசு செல்லாது என்று கூட்டேரிப்பட்டு டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னாயே. அந்த வருஷமே கம்ப்யூட்டரில் உன் தேதியை எவனோ தள்ளிப் போட்டுவிட்டான். உனக்குப் பின்னால் நட்டவர்களின் கரும்பெல்லாம் லாரி ஏறியது. உன்னுடையது வெட்டாமல் கொல்லையிலேயே நின்று பூத்துக் காய்ந்து அடுப்புக்குத்தான் ஆனது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? "காயிதத்துல திருத்தியிருந்தா கேஸ் போடலாம்மா. மெஷினுக்குள்ள திருத்துனதுக்கு எந்த செக்‌ஷன போடுறது?" வக்கீல் கோட்டுப் போட்ட நானும் சட்டப் புத்தகமெல்லாம் புரட்டினேன், அப்படி ஒரு பிரிவே இல்லை.

ஆலைக்காரர்கள் அதற்கும் மேலே. ஆயுத பூஜைக்குச் சாவிக்கொத்தெல்லாம் சாமி முன்னால் வைப்பார்கள் இல்லையா? கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, அதைத் திறக்கும் ரகசிய எண்ணைச் சீட்டில் எழுதி, மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்துவிட்டார்கள். பொரி வாங்க வந்த ஊரே அதைப் பார்த்தது. திருத்தியது யார் என்று எவனைப் போய்க் கேட்பது?

"சட்டம் இல்லன்னா போடச் சொல்லு" என்றாய்.

"பார்லிமெண்டு இன்னா நம்ம பஞ்சாயத்தாண்ணா?"

"அதுவும் நம்ம ஓட்டுதானே. நீ எழுதிக்கினு வா, நான் கையெழுத்து வாங்கிக்கினு வர்றேன்."

மயிலம், திண்டிவனம், விழுப்புரம் என்று சைக்கிளை மிதித்தாய். அந்தப் பாழாய்ப்போன மாரடைப்பு வராமலிருந்தால் டில்லி வரைக்கும் மிதித்திருப்பாய்.

போன மாதம் ஆலையில் கம்ப்யூட்டர் பார்க்கும் தாமோதரன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தேதிய மாத்துனது நான்தான் வக்கீலம்மா. மேல இருக்கறவரு சொன்னாரு. இது குத்தம்னு ஒரு சட்டம் இருந்திருந்தா, 'ஜெயிலுக்குப் போவணும் சார், என்னால ஆவாது'ன்னு சொல்லியிருப்பேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் முகத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்ததே, அண்ணா. மனுவை எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். திருத்தச் சொல்கிறவனுக்கும் தண்டனை வேண்டும் என்று அன்றைக்கே ஒரு வரி சேர்த்தேன். நம்ம தொகுதி எம்.பி. படித்துவிட்டு, "இத நானே சபையில கேக்கறேம்மா" என்று டில்லிக்கு எடுத்துக்கொண்டு போனார். கேட்பார். கேட்காவிட்டால் நான் விடுவேனா?

ஒன்றை மட்டும் உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன். குற்றச் சட்டம் அது வருவதற்கு முன்னால் நடந்ததற்குப் பாயாது. நாளைக்கே வந்தாலும் உன் கரும்புக்கு நியாயம் கிடைக்காது. தெரிந்தால் மனசு விட்டுப்போவாய் என்று சொல்லவில்லை. நேற்று அண்ணியிடம் சொல்லி அழுதேன்.

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "அது அவருக்குத் தெரியும் அஞ்சலை. விழுப்புரத்துல ஒரு வக்கீலு அப்பவே சொல்லிட்டாரு. தனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சா மனு எழுதறத விட்டுடுவன்னு அவரு வாயே தொறக்கல."

அண்ணா, இனி இது யாருடைய கரும்புக்கோ கேட்கிற சட்டம். எத்தனை எம்.பி. மாறினாலும் கேட்பேன், வாங்கியே தீருவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
வக்கீல் அஞ்சலை,
திண்டிவனம்