உலர்த்தக் கூடாத படிகம்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீ நலம் என்பது உன் தம்பி சொல்லித்தான் தெரியும். போனில் பேசினால் மறுபடி எங்கேயாவது முட்டிக்கொள்வோம், அதனால் எழுதுகிறேன்.

நம்மோடு தங்கியிருக்கிறவனுக்கு அவன் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே விடுதி பார்த்துவிட்டாயாம். நீ திரும்புமுன் அவன் போய்விட வேண்டும், மூன்றாவது ஆள் நடுவில் இருப்பதால்தான் நமக்குள் ஒத்துப்போகவில்லை என்றாயாம். எனக்கும் முதலில் அது சரியென்றே பட்டது. காலையில் குளியலறையை அவனிடமிருந்து மீட்பது எவ்வளவு பெரும்பாடு என்று உனக்குத் தெரியாததா.

ஆனால் இந்த வாரம் ஆய்வகத்தில் மூக்குடைபட்டேன். மருந்தையும் ஒரு துணை அமிலத்தையும் சேர்த்துக் கூட்டுப் படிகம் வளர்க்கிறோம் என்றேனே, அந்த வேலையில்தான். இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்க வேண்டும். சோதித்தால் உள்ளே தண்ணீர் மூலக்கூறு. அது நடுவில் புகுந்து பிணைப்பைப் பிரித்துவிடும் என்று எங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வெறும் ஈரம்தானே என்று உலர்த்தும் அடுப்பில் வைத்துவிட்டேன். கண்ணாடிபோல இருந்தது மாவாகிவிட்டது. மருந்து தனி, அமிலம் தனி. மேலாளர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகுதான் உலர்த்துவதற்கு முன் அந்தப் படிகத்துக்கு எடுத்த எக்ஸ்ரே அளவீட்டை ஒழுங்காகப் பார்த்தோம். மருந்தும் அமிலமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒரு பக்கம் மருந்தையும் மறுபக்கம் அமிலத்தையும் பிடித்து வைத்திருந்தது அந்தத் தண்ணீர்தான்.

அன்று வீட்டுக்கு வந்தால் உன் தம்பி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்குச் சளி பிடித்திருக்கிறது மாமா, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றான். அக்கா உங்களைத்தான் விசாரித்தாள் என்றும் சொன்னான். அது உன் வாயிலிருந்து வந்திருக்காது, எனக்குத் தெரியும். நான் கோபத்தில் சொன்னதைப் பாதியாகக் குறைத்து உன்னிடம் சொல்கிறான், நீ சொல்லாததைச் சேர்த்து என்னிடம் சொல்கிறான், பொய்க்காரப் பயல். தெரிந்தும் தினமும் அதைக் கேட்கத்தான் சீக்கிரம் வீடு திரும்புகிறேன்.

பெட்டியெல்லாம் கட்டிவிட்டான். முகம்தான் செத்துக் கிடக்கிறது. நீயாவது போகாதே என்று சொல்வாய் எனக் காத்திருக்கிறான் போல. நான் சொன்னால் மரியாதைக்குச் சொல்வதாக நினைப்பான்.

அவனை அனுப்பாதே, கண்ணம்மா. நீ வந்து நிற்கும்போது கதவைத் திறப்பவன் அவனாகவே இருக்கட்டும். நானே திறந்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

பத்திரமாக வந்து சேர்.

என்றும் உன்னுடைய,
வீட்டுக்காரன்