இடது கையில் ஒரு கப்பல்

அன்பானவளுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் முதுகுவலி இப்போது தேவலையா? கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைக்காதே. நான்தான், இடது கையால் எழுதுகிறேன். போன மாதம் மெஷின் வலது கையைக் கொஞ்சம் பதம் பார்த்துவிட்டது. விரல்கள் ஐந்தும் பத்திரம்; இரண்டு மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. போனில் சொன்னால் அழுவாய். எழுத வந்த பிறகே சொல்வதென்று இருந்தேன்.

இடது கையைப் பழக்க ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். உள்ளே மரத்தில் பாய்மரக் கப்பல், துண்டு துண்டாக. மெல்லிய பலகைகளை ஊறவைத்து வளைத்து ஒட்ட வேண்டும். கைக்கு வாகான பக்கத்திலேயே பதினொன்றை ஒட்டிவிட்டேன். கப்பல் புடலங்காய் போல் கோணிக்கொண்டது. ரூமில் கூட இருக்கும் வெல்டர் சிரித்தான்.

“ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஒட்டணும்யா. பேசாம தூக்கிப் போட்டுட்டு வேற வேலையைப் பாரு.”

விடுவேனா? பதினொன்றையும் பிரித்து மறுபடி ஒட்டினேன். நேற்று பாயும் கட்டியாயிற்று. என் வேலைக்கு வேறு ஆள் தேடிய சூப்பர்வைசர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

பாப்பாவின் பழைய இரட்டைக்கோடு நோட்டு ஒன்று அனுப்பு, எழுதிப் பழக. அவள் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடாதே.

கட்டு மாற்றப் போக வண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைப் பாப்பாவிடம் கொடு, தப்புகளைச் சிவப்பு மையில் சுழிக்கட்டும். அப்பாவாயிற்றே என்று பாவம் பார்த்து மார்க் போட வேண்டாம்.