குழம்பின் பெயர்

நைனார்பாளையம்,
ஞாயிறு.

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா தெய்வசிகாமணி எழுதுவது.

உனக்கு அநியாயம் செய்திருக்கிறார்கள். வேலை சென்னையில், சம்பளம் கள்ளக்குறிச்சிக் கணக்கில். ஆதாரில் இருக்கும் ஊரைப் பார்த்துச் சம்பளம் போட்டார்கள் என்று சேர்ந்தபோது நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை. இங்கே விளையும் நெல் சென்னைக்குப் போனால் சென்னை விலை. என் பெண் போனால் மட்டும் ஊர் விலையா? அறை வாடகை கேட்பவர் உன் ஆதாரைப் பார்த்தா கேட்கிறார்?

இங்கே மழை பரவாயில்லை. உளுந்து பூத்திருக்கிறது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நீ சொன்ன பயிற்சியால் தேவலை. போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் கேட்பாள். அதனால்தான் கடிதம்.

நேற்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கவியாவைப் பார்த்தேன், உங்கள் விளையாட்டு அகாடமியில் ஓடுகிற மலைப் பெண். காலில் கட்டோடு வெள்ளிமலை பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். எங்கள் சுபா போட்ட கட்டா என்றேன். தயங்கித் தயங்கி, "அக்கா கட்டு போட்டுக்கினு இருக்கும்போதே என் மேல சாஞ்சிட்டாங்கய்யா. தண்ணி தெளிச்சி எழுப்பினோம். வூட்ல சொல்லாதன்னாங்க" என்றாள். அங்கே முட்டையும் பாலும் ஓடுகிறவர்களுக்குத்தானாம், அவர்கள் காயத்தைப் பார்க்கிறவளுக்குக் கிடையாதாம். வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

நம் வீட்டில் சாப்பிட்டவர்கள் குழம்பின் பெயரைச் சொல்வார்கள். "கருவாட்டுக் கொழம்புப்பா, அம்மா உப்ப அள்ளிக் கொட்டிட்டா" என்று நீ சொல்லாத நாள் உண்டா? சாப்பிடாதவர்கள்தான் வெறுமனே "ஆச்சு" என்பார்கள். சித்திரையில் நீ சென்னை போன பிறகு உன் வாயில் "ஆச்சுப்பா" தவிர வேறு வரவில்லை. "நீங்க இன்னா கொழம்பு?" என்று மட்டும் கேட்கிறாய். நாங்களும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உன் பெரியப்பா மகன் செழியன், ஊருக்கே வந்துவிடச் சொல்லுங்கள் என்கிறான். குற்றம் செய்தவர்கள் அங்கேயே இருக்க நீ ஏன் மூட்டை கட்ட வேண்டும்? அந்தப் பேச்சை விட்டுவிடு என்றேன். ஆனால் தெரியாத நம்பரில் போன் அடித்தால் எனக்கு எடுக்கக் கை வரவில்லை. யாரோ ஒருவர், நீங்கள்தான் சுபஸ்ரீயின் அப்பாவா என்று கேட்டுவிடுவாரோ?

இனி ஆக வேண்டியவை. அகாடமி மேலாளர் நீ குடியிருக்கும் ஊருக்கு ஏற்றபடி சம்பளத்தைத் திருத்த வேண்டும். நீ அதை வாயால் அல்ல, எழுதிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் நான் வந்து வாசலில் உட்காருவேன். என்னை எழுப்ப முடியாதென்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை செழியன் உளுந்தூர்பேட்டையில் பஸ் பிடித்து அரிசி, கேழ்வரகு மாவு, கருவாடு கொண்டுவருவான். நீ மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கவியா திரும்பியதும் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவிடம் யாரும் மூச்சு விடக் கூடாது.

பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டிக் கற்றவன் நான். பிழையைத் திருத்திக்கொள், சொன்னதை மாற்றாதே.

கடிதம் கிடைத்த அன்றே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போன் செய். குழம்பின் பெயரைச் சொல். உப்பு கம்மியா ஜாஸ்தியா, அதையும் சொல்.

நீ நன்றாயிருக்க வேண்டும் மகளே.

அப்பா